இரண்டாம் வகுப்புத் தேவதூதன்

பாளையங்கோட்டையில் எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் சினிமாவுக்கு எதிராக ஒரே ஒரு வாதம்தான் உண்டு. அதற்கு எவனாலும் பதில் சொல்ல முடியாததால் இரண்டாவது வாதம் தேவைப்படவில்லை. "ஏல, நீ தியேட்டருக்குள்ள இருக்கையில ஆண்டவர் வந்துட்டாருன்னா என்னல செய்வ?" வருகை எந்த நாளில், எந்த நாழிகையில் என்று யாருக்கும் தெரியாது என்பது வேதம். மாட்னி நேரமாகத்தான் இருக்கும் என்பதில் எங்கள் சார்மாருக்குச் சந்தேகமே கிடையாது.

விதிவிலக்குகள் இருந்தன. 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' வந்தால் சபையே திரண்டு போகும், முன்வரிசையில் குருவானவரின் மனைவி ஐயரம்மா. செங்கடல் பிளக்கும்போது கைதட்டினால் பாவமில்லை. 'பென்ஹர்' வந்தபோதும் அப்படித்தான். ஆகவே என் வயதுக்காரனுக்கு ஒரு படத்தைப் பற்றி எழும் கேள்வி, 'இது பார்க்கலாமா கூடாதா' என்பது மட்டும்தான். படத்துக்குள் கிறிஸ்து ஒளிந்திருக்கிறாரா என்று யாரும் தேடியதில்லை. பார்க்கலாம் என்று உத்தரவான படத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டாவது நேரில் வந்துவிடுவார்.

இந்த மூலதனத்தோடு எண்பதுகளின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் படிக்கப் போனேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதி காலியாகிவிடும். ஊருக்குப் போகப் பணமில்லாத சீனாக்காரர்களும் நைஜீரியாக்காரர்களும் நானும் மட்டும் மிஞ்சுவோம். வெளியே பனி. பொதுக்கூடத்தில் ஒரு டிவி, அதில் ஒரே படம். மிகையாகச் சொல்லவில்லை. ஒரு சேனலைத் திருப்பினால் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கல்யாணம் பண்ணிக்கொள்வார். அடுத்ததில் சிறுவனாக மருந்துக் கடையில் அறை வாங்குவார். இன்னொன்றில் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பார். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தை நான் முதலில் பார்த்தது இப்படி முன்னும் பின்னுமாக, துண்டு துண்டாகத்தான். கதை புரிவதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது.

ஏன் எல்லாச் சேனலிலும் ஓடியது என்பது தனிக் கதை. எனக்கு அது படத்தின் கதையைவிடப் பிடிக்கும். ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் ஒரு சிறுகதை எழுதினார். எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. 1943இல் இருநூறு பிரதி அச்சடித்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக நண்பர்களுக்கு அனுப்பினார். அது ஹாலிவுட் வரை போய், ஃபிராங்க் காப்ராவின் கையில் படமாகி, 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் திரைக்கு வந்தது. ஆஸ்காருக்கு ஐந்து பரிந்துரைகள் கிடைத்தும் போட்ட காசு திரும்பவில்லை. படத்தை எல்லாரும் மறந்தார்கள். 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டிய தவணை வந்தபோது, உரிமையாளர்களும் மறந்தார்கள். அவ்வளவுதான், படம் ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. டிவி நிலையங்களுக்குச் சல்லிக் காசு செலவில்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்ட ஒரு கிறிஸ்துமஸ் படம் கிடைத்தது. ஓட்டினார்கள், ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பிரியமான கிறிஸ்துமஸ் படம் பிறந்தது ஒரு குமாஸ்தாவின் மறதியில்.

கிருபை என்பதற்கு வேதசாஸ்திரக் கல்லூரிகளில் நாலைந்து விளக்கம் கொடுப்பார்கள். தகுதியில்லாதவனுக்கு, கேட்காமலே, இலவசமாகக் கிடைப்பது என்பது அவற்றின் சாரம். இந்தப் படத்தின் வரலாறு அந்தச் சாரத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

பிறகு சட்டம் வந்தது. 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படத்துக்கு மூலமான சிறுகதையின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் படத்தின் மீதும் பிடி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' பற்றியது. தோற்ற கட்சியில் ஒருவர் சாட்சாத் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். வழக்கின் பெயரே அவர் பெயரில்தான் தொடங்குகிறது. தான் தோற்ற வழக்கின் பலத்தில் தன்னுடைய இன்னொரு படம் மக்களிடமிருந்து கைமாறும் என்று அந்த மனிதர் நினைத்திருப்பாரா? ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் அந்தச் சிறுகதையின் உரிமையையும் படத்தின் இசை உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு, 1993இல் கேட்டை மூடியது. அடுத்த ஆண்டிலிருந்து என்பிசி மட்டும், சீசனுக்கு ஓரிரு தடவை, விளம்பர இடைவேளைகளோடு. கிருபையின் காலம் முடிந்து நியாயப்பிரமாணத்தின் காலம் தொடங்கியது. வேதத்தில் வரிசை நேர் எதிர்.

செனெகா ஃபால்ஸ் என்ற ஊர் அப்போது எனக்குப் பஸ்ஸில் போகும் தூரம். 1848இல் பெண்கள் உரிமை மாநாடு நடந்த ஊர் என்று மட்டும் தெரியும். இப்போது அங்கே, படத்தில் வரும் பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் தங்கள் ஊர்தான் என்று அருங்காட்சியகமும் டிசம்பர் திருவிழாவும் நடத்துகிறார்கள். காப்ரா அப்படி ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை. 1945இல் அங்கே ஒரு தடவை முடி வெட்டிக்கொண்டார் என்பது ஊர்க்காரர்கள் காட்டும் சான்றுகளில் தலையாயது. புனிதர்களின் முடியை வைத்துக் கோவில் கட்டிய மரபுக்கு இது ஒன்றும் குறைவில்லை.

கதையை அறியாதவர்களுக்கு: ஜார்ஜ் பெய்லி என்ற மனிதர், ஊரை விட்டுப் போய் உலகம் சுற்ற ஆசைப்பட்டவர். தம்பிக்காக, அப்பாவின் தொழிலுக்காக, ஊருக்காக என்று ஒவ்வொரு முறையும் பெட்டியை அவிழ்த்து வைத்துவிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவருடைய சித்தப்பா எட்டாயிரம் டாலரைத் தொலைக்கிறார். அது ஊரின் பணமூட்டை பாட்டர் கையில் சிக்குகிறது. பாட்டர் கமுக்கமாக அமுக்கிக்கொள்கிறார். ஜெயிலா சாவா என்ற நிலையில் ஜார்ஜ் பாலத்துக்குப் போகிறார். அவரைத் தடுக்க கிளாரன்ஸ் என்ற தேவதூதர் வருகிறார். உயிரோடிருந்தபோது கடிகாரம் செய்தவர். செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகியும் இன்னும் சிறகு கிடைக்காத இரண்டாம் வகுப்புத் தூதர். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் தாலுகா ஆபீஸ் இளநிலை உதவியாளர் போல ஒரு முகம்.

அன்று விடுதியில் இதைப் பார்த்தபோது, கண்ணீர் ஒரு பக்கம் ஓட, என் ஓய்வுநாள் பாடசாலை மூளை மறுபக்கம் தவறுகளைக் குறித்துக்கொண்டிருந்தது. செத்துப்போன கடிகாரக்காரர் தேவதூதர் ஆவாரா? தூதர்கள் தனிச் சிருஷ்டி. மனுஷன் செத்தால் மனுஷன்தான். நல்ல காரியம் செய்து சிறகு சம்பாதிப்பதா? லூத்தர் எதற்காகச் சண்டை போட்டார்? அதிலும் ஸ்டெர்ன் எழுதிய மூலக் கதையில் வருபவர் யாரோ ஒரு சின்ன உருவ அந்நியர். சிறகும், மணி அடித்தால் ஒரு தூதருக்குச் சிறகு கிடைக்கும் என்பதும் ஹாலிவுட் சேர்த்த மசாலா. பனி கூடப் பொய். கலிஃபோர்னியாவில் 1946 கோடை வெயிலில், தீயணைப்பான் நுரையையும் சோப்பையும் கலந்து அடித்த பனி அது. பாலத்தில் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வேர்வை மின்னுவதைக் கவனித்தால் தெரியும். ஊரில் சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டிப் பனி என்று நம்பி வளர்ந்த நான், ஜன்னலுக்கு வெளியே நிஜப் பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே நுரையைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இன்றைக்கு வருவோம். நியூஜெர்சியில் எங்கள் தமிழ்ச் சபை. குருவானவரை ஐயர் என்று அழைத்த வாயால் இப்போது பாஸ்டர் என்கிறோம். சினிமாவுக்கு எதிரான அந்த ஒரே வாதம் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. பிரசங்கத்துக்கு நடுவில் திரை இறங்குகிறது, கிளிப் ஓடுகிறது. சிங்க ராஜா படத்தில் மீட்பு, மோதிரப் படத்தில் சிலுவை, வலைவீரன் படத்தில் அழைப்பு. அன்று கடவுள் போகமாட்டாத ஒரே இடம் தியேட்டர். இன்று அவரைச் சந்திக்கச் சுலபமான இடம் அதுதான் போலிருக்கிறது. இந்த அட்வெந்து காலத்தில் வாலிபர் கூட்டத்துப் பொறுப்பாளர் ஒருவர் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் போட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தலைப்பு: 'இப்படத்தில் காணப்படும் கிறிஸ்தவக் கருத்துகள்'. கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும்.

தாள் நல்ல மனதோடு தயாரிக்கப்பட்டது, அதில் சந்தேகமில்லை. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மார்ட்டினி குடும்பத்துக்குப் புதுவீடு கிடைக்கும்போது, ஜார்ஜின் மனைவி மேரி அவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பார், ஜார்ஜ் திராட்சரசம் கொடுப்பார். தாளில் அதற்கு விடை: திருவிருந்து. ரொட்டி சரி, ரசம் சரி. உப்பை என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டதற்குப் பொறுப்பாளர், "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள் அக்கா" என்று சமாளித்தார். புதுவீட்டில் பால் காய்ச்சுகிற ஜனங்களுக்கு அந்தக் காட்சியில் விளக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கிளாரன்ஸ் ஆற்றில் குதிப்பதற்கு விடை: ஞானஸ்நானம். தண்ணீர் இருக்கிறதே!

அந்த ஆற்றுக் காட்சி எனக்கு ஆறவில்லை. படத்தில் தூதரைப் பற்றிய இறையியல் எல்லாம் கோளாறு என்றாலும், இந்த ஒரு இடம் அற்புதம். ஜார்ஜ் குதிக்கப் போகிறார். அவரைப் பிடித்து நிறுத்தவோ, புத்தி சொல்லவோ, ஒளிவட்டம் காட்டவோ கிளாரன்ஸ் முயலவில்லை. தானே முந்திக் குதித்துக் 'காப்பாற்று, காப்பாற்று' என்று அலறுகிறார். சாகப் போனவர் தன்னை மறந்து பாய்ந்து அவரை இழுத்துக் கரை சேர்க்கிறார். காப்பாற்ற வந்தவர் காப்பாற்றப்பட வேண்டியவராகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டார். பெத்லகேம் தொழுவத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதானே? அதைத் தாளில் காணோம்.

யோபுவையும் காணோம். நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஜார்ஜ் புலம்புவது யோபு புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம்தான். அங்கே கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசி, நட்சத்திரங்களையும் கடலையும் காட்டுமிருகங்களையும் காட்டி, நீ எம்மாத்திரம் என்று கேட்கிறார். இங்கே கிளாரன்ஸ், ஜார்ஜ் இல்லாத ஒரு ஊரைக் காட்டி, நீ எவ்வளவு பெரியவன் பார் என்கிறார். யோபுக்குக் கொடுத்த மருந்தை அமெரிக்கா தலைகீழாக்கிக் கொடுத்திருக்கிறது. எது கசப்பு எது இனிப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஜார்ஜ் இல்லாத ஊரில் நேர்கிற பயங்கரங்களில் உச்சம் எது தெரியுமா? அவருடைய மனைவி மேரி கல்யாணமாகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகராக இருப்பது. அன்று விடுதியில் நாங்கள் அதற்கு 'ஐயோ' என்றோம். இன்று எங்கள் சபையின் அக்காமார் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் நூலகர்.

தாளில் ஜெபத்துக்குத் தனிப் பகுதி இருந்தது. மதுக்கடையில் உட்கார்ந்து, நான் ஜெபிக்கிற ஆள் இல்லை என்ற ஒப்புதலோடு ஜார்ஜ் வேண்டிக்கொள்ளும் காட்சி. அங்கே ஸ்டூவர்ட் அழுதது நடிப்புத் திட்டத்தில் இல்லாதது. காமிரா தூரத்தில் இருந்தது; திரும்ப அழச் சொன்னால் அந்த அழுகை வராது என்று காப்ரா அந்தப் படச்சுருளையே லேபில் பெரிதாக்கி நெருக்கக் காட்சியாக்கினார். போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த மனிதரின் அழுகை அது. ஜெபம் முடிந்த மறு நிமிடம் பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தாடையில் ஒரு குத்து விடுகிறார். உதடு கிழிந்து ரத்தம். ஜெபித்ததற்குக் கிடைத்த கூலி இதுதானா என்று ஜார்ஜ் நொந்துகொள்கிறார். பொறுப்பாளர் கிளிப்பைக் குத்துக்கு முந்தைய நொடியில் நிறுத்தியிருந்தார்.

எனக்கு இப்போது படத்தில் கிறிஸ்தவம் கண்ணில் படும் இடம் வேறு. ஜார்ஜின் அப்பா நடத்திய 'பில்டிங் அண்ட் லோன்'. பரஸ்பர சகாய நிதி என்றால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். சின்னச் சின்ன ஆட்கள் போடும் பணம், சின்னச் சின்ன ஆட்களுக்கு வீட்டுக் கடன். பாட்டருக்கு இதுதான் ஆகாது. பூண்டு தின்னும் கூட்டத்துக்கு எதற்கு வீடு என்பது அவர் கேள்வி. (எண்பதுகளில் என் வீட்டுக்காரர் ஒருவருக்குப் பூண்டு பிரச்சினையில்லை, கடுகு தாளிக்கிற வாசம்தான் ஆகாது.) சிசிலியில் பிறந்து ஆறு வயதில் கப்பலில் வந்திறங்கிய காப்ராவுக்கு இந்த வசவு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றல்ல.

ஜார்ஜின் கல்யாண நாளன்று வங்கி கவிழ, பயந்த ஜனம் நிதியின் கதவை முட்டுகிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனி ஷட்டர்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்த முகங்கள் தெரியும். பணம் இங்கே பெட்டியில் இல்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுச் சுவராக இருக்கிறது என்று ஜார்ஜ் விளக்குகிறார். எவனும் கேட்கவில்லை. தேனிலவுக்கு வைத்திருந்த இரண்டாயிரம் டாலரை மேரி எடுத்து நீட்டுகிறார். முதல் ஆள் தன் கணக்கிலுள்ள 242 டாலரும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப்போகிறார். அடுத்தவர் இருபது போதும் என்கிறார். பிறகு ஒரு வயதான அம்மா, கொஞ்சம் யோசித்து, பதினேழரை டாலர் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். ஜார்ஜ் கவுண்டருக்கு மேலாகச் சாய்ந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எடுக்க உரிமையிருந்தும் எடுக்காமல் விட்டதைக் காணிக்கையாகக் காட்டிய வேறு இடம் எனக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும்போது மிச்சம் இரண்டு டாலர்.

இந்தப் பகுதியை உன்னிப்பாகப் பார்த்த இன்னொரு கூட்டம் உண்டு: எஃப்பிஐ. திரைத்துறையில் கம்யூனிஸ்ட் ஊடுருவல் பற்றி 1947இல் அவர்கள் தயாரித்த அறிக்கையில் இந்தப் படமும் இடம்பெற்றது. வங்கிக்காரரை ஊரே வெறுக்கும் கஞ்சனாகக் காட்டுவது கம்யூனிஸ்டுகள் வழக்கமாகக் கையாளும் தந்திரம் என்று புகார். காப்ரா ரிபப்ளிகன் கட்சி, ஸ்டூவர்ட்டும் ரிபப்ளிகன் கட்சி, அதெல்லாம் பயன்படவில்லை. துப்பறிவாளர்கள் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்குச் சிறகும் மணியும் தெரியவில்லை. எங்கள் தாளைத் தயாரித்தவருக்குச் சிறகும் மணியும் தெரிந்தன. இருவரில் படத்தைக் கவனமாகப் பார்த்தது யார் என்று கேட்டால், சபையில் வெளிப்படையாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

கடைசிக் காட்சி எல்லாருக்கும் தெரியும். ஊரே வந்து மேசைமேல் பணத்தைக் கொட்டுகிறது. எங்கள் அசன விருந்து வசூல்கூட அவ்வளவு விறுவிறுப்பாக நடந்ததில்லை. அந்தக் கும்பலில் ஒருவரை நான் ஒவ்வொரு தடவையும் தேடுவேன். கணக்கைத் தணிக்கை செய்ய வந்த அதிகாரி. வந்த வேலையை விட்டுவிட்டு அவரும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போடுவார். பிடிவாரண்டை போலீஸ்காரர் கிழித்துப் போடுவார். கடனாளியின் கடனை அந்த இடத்திலேயே மன்னித்துவிடுகிற உவமைகள் நினைவுக்கு வரும்.

ஆனால் பாட்டரை யாரும் பிடிப்பதில்லை. அமுக்கிய எட்டாயிரத்தை அவர் திருப்பித் தருவதுமில்லை. குற்றம் செய்தவன் திரையில் தண்டனை பெற்றே ஆகவேண்டும் என்று அந்நாளில் ஹாலிவுட்டில் தணிக்கை விதி இருந்தது. எப்படியோ இது நழுவிவிட்டது. ஜனங்கள் காப்ராவுக்குக் கடிதம் கடிதமாக எழுதி முறையிட்டார்கள். 1986இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில், ஊரே கிளம்பிப்போய்ப் பாட்டரை மொத்துவதுதான் தொலைந்துபோன கடைசிக் காட்சி என்று ஒரு நாடகம் போட்டார்கள். அமெரிக்கா விழுந்து விழுந்து சிரித்தது. படத்திலோ, ஜார்ஜ் பனியில் ஓடிக்கொண்டே பாட்டரின் ஜன்னலுக்குள் பார்த்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். தன் பணம் அந்த அறையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்து எல்லாரும் கேக்குக்கும் டீக்கும் எழுந்தார்கள். பொருளாளர் அண்ணன், இந்தப் படத்தைப் பொதுவில் போட உரிமக் கட்டணம் கட்டவேண்டியிருக்கிறதே, முன்னெல்லாம் சும்மாதானே ஓடியது என்று என்னிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், அந்த எயிட் தௌசண்ட் டாலர்ஸ பாட்டர் என்ன பண்ணாரு?"

"வச்சுக்கிட்டாரு."

"போலீஸ் வரலையா?"

"வரல."

"அப்ப கடவுளும் ஒண்ணும் பண்ணலையா?"

"படத்துல ஒண்ணும் பண்ணல."

"இதுல அதப் பத்தி கொஸ்டினே இல்லையே."

"அதுக்கு இடம் விடல போல," என்றேன். பொருளாளர் அண்ணன், உரிமக் கட்டணத்துக்கு ஆளுக்கு ரெண்டு டாலர் போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.